ஒரு சாணுக்கு மேல் இருமக் கூடாது

பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் போகிற வழியில் ஒழுங்காகப் போகாமல் ஏன் சுழன்று, முட்டி மோதிக் கலைந்து தொலைக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அதன் வேலை. கொந்தளிப்பு ஆய்வு நிலையம் என்று பெயர். வாசலில் புல்வெளி, அதன் நடுவில் ஒரு நீரூற்று. நீரூற்று ஓடினால் அதைப் பற்றி வருகிறவர்கள் ஏதாவது கேட்டுவிடுகிறார்கள் என்பதால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆஞ்சலா அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். காலை ரயிலில் நின்றுகொண்டே வந்து பெங்களூரில் கல்லூரி படித்து, கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். வேலை கிடைத்த செய்தியைப் போனில் சொன்னபோது, "அங்க இன்னா வேலடி உனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"காத்து எப்படிப் போவுதுன்னு கணக்குப் போடணும்மா."

"அது பாட்டுக்குப் போவுது. அதுக்கு எதுக்குக் கணக்கு?"

இந்தக் கேள்விக்கு நிலையத்தில் யாரிடமும் பதில் கிடையாது என்பது ஆஞ்சலாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொந்தளிப்பு என்பது சொல்லப்போனால் எளிமையான சங்கதிதான். பெரிய சுழல் ஒன்று உடைந்து நடுத்தரச் சுழல்கள் ஆகும். அவை உடைந்து சின்னவை ஆகும். சின்னவை இன்னும் சின்னதாகி, கடைசியில் வெறும் சூடாகி அடங்கிப்போகும். எல்லாம் ஒரே காற்று, ஒரே சமன்பாடு. ஆனால் அத்தனை பெரியதையும் இத்தனை சின்னதையும் ஒரே கணக்கில் போட எந்தக் கணினிக்கும் தெம்பு போதாது. ஆகவே உலகம் முழுக்க ஏதாவது ஓர் அளவில் கோடு கிழித்து, கோட்டுக்கு மேலே கணக்கு, கோட்டுக்குக் கீழே உத்தேசம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த நிலையத்தில் கோட்டைக் காகிதத்தில் கிழிக்காமல் கட்டடத்தில் கிழித்திருந்தார்கள்.

மேல் மாடியில் பெரிய சுழல்களின் பிரிவு. அதற்குத் தலைவர் டாக்டர் ஞானசேகரன். தரைத்தளத்தில் சின்னச் சுழல்களின் பிரிவு. அதற்குத் தலைவி டாக்டர் வீணா. இருவரும் ஒரே லிஃப்டில் போவதில்லை. ஞானசேகரனின் அறை ஒரு கல்யாண மண்டபம்போல் இருக்கும். வீணாவின் அறைக்குள் இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாமவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். அவரவர் ஆராயும் பொருளுக்கு ஏற்ற இடம் என்று அதற்கு விளக்கமும் உண்டு. இரு பிரிவுகளையும் இணைக்க வேண்டும் என்று எப்போதோ ஒரு தணிக்கைக்காரர் எழுதிவிட்டுப் போனதால் இணைப்புப் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கி, அதில் ஆஞ்சலாவை மட்டும் போட்டிருந்தார்கள். அவள் மேசை படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது. இரண்டு தளங்களையும் இணைப்பது படிக்கட்டுதானே.

அந்தப் படிக்கட்டில் ஒருநாள் டாக்டர் வின்சென்ட் ஏறி வந்தார்.

பிரேசர் டவுனில் நெஞ்சு நோய்க்கான ஒரு சின்னத் தர்ம ஆஸ்பத்திரி நடத்துபவர் அவர். காசநோய்க்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் வெறும் சளிக்காரர்களும் ஒரே கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் யாரிடமோ கேட்டிருக்கிறார். அவர்கள் மேலே கையைக் காட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்குவதற்காகத் திருப்பத்தில் நின்றவர், எதிரே ஒரு மேசையும் ஆளும் இருப்பதைப் பார்த்து அங்கேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு ஒருத்தர் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு டொனேஷனா குடுத்தாரும்மா. கூடத்துல அத எந்தச் சுவத்துல வெக்கறதுன்னு தெரியல. ஒருத்தர் இருமினா பக்கத்துல இருக்கிறவர் மூஞ்சிக்குப் போவாம அது வெளிய போயிடணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

"கணக்குப் போட்டுச் சொல்லிடலாம் டாக்டர். கூடத்த ஒரு தடவ வந்து பாத்துடறேன்," என்றாள் ஆஞ்சலா. அப்படித்தான் அவள் நம்பினாள்.

அந்த நேரம் பார்த்து நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பக்தவச்சலம் படியிறங்கி வந்தார். யார் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலும் அதைச் சபையாகக் கருதும் பழக்கம் அவருக்கு உண்டு. உங்கள் நிலையம் பொதுமக்களுக்கு என்ன செய்தது என்று தில்லியிலிருந்து ஆண்டுதோறும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெளியைத் திறந்துவிட்டோம் என்றுதான் இதுவரை பதில் போய்க்கொண்டிருந்தது. வின்சென்ட் சொன்னதைக் கேட்டதும் இயக்குநரின் கண்கள் மின்னின.

"டாக்டர், நீங்க ஒரு ஃபேனைப் பத்திக் கேக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. நீங்க கேக்கறது மனித குலத்தோட மூச்சைப் பத்தி," என்றார்.

"இல்ல சார், ஃபேனைப் பத்தித்தான்," என்றார் வின்சென்ட்.

அடுத்த வாரமே அது தேசியப் பல்லளவு சுவாச இயக்கம் ஆயிற்று; பெரியதும் சின்னதுமான பல அளவுகள் அடங்கியது என்று பொருள். அதற்கு ஒரு சின்னம் வரைந்தார்கள்: ஒரு நுரையீரல், அதைச் சுற்றி ஒரு சுழல். சின்னத்தில் இருக்கும் சுழல் பெரியதா சின்னதா என்று இரு பிரிவுகளும் வாதாடியதில் ஒரு மாதம் போயிற்று. கடைசியில் நுரையீரல் மட்டும் மிஞ்சியது.

பிறகு முதல் கூட்டம் கூடியது. ஞானசேகரன் எழுந்து தம் பிரிவின் நிலைப்பாட்டைச் சொன்னார்.

"கூடம்னா பெருசா சுத்துற காத்துதான் முக்கியம். சின்னச் சுழல் எல்லாம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா நாங்க அதெல்லாம் ஒண்ணொண்ணாப் பாக்கறதில்ல. மொத்தமாச் சேத்துக் காத்து கொஞ்சம் கெட்டியா இருக்குன்னு வெச்சுக்குவோம். சின்னவங்க நெலமையத் தெரிஞ்சுக்க இதுக்கு மேல மெனக்கெட வேண்டியதில்ல."

வீணா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினால் கன்னடம் தானாக வந்து கலந்துகொள்ளும்.

"நமக்கு மேலே என்ன நடக்குது அந்த விசாரமே பேடா, வேண்டாம். மேலேர்ந்து ஒரு காத்து வருது, அஷ்டே, அவ்ளோதான். எதுக்கு வருது, எல்லிந்த, எங்கேர்ந்து வருது, நாங்க கேக்கறதில்ல. கேக்காம வேலை செய்யறதுதான் நம்ம மாடலோட விசேஷம்."

ஆஞ்சலா கையைத் தூக்கினாள். "சார், இருமல் வாயிலேர்ந்து வரும்போது விரல் அகலம்தான் இருக்கு. போகப்போக விரியுது. பக்கத்துல இருக்கிறவர் மூஞ்சிக்கிட்ட போறப்ப ஒரு சாணுக்கு மேல இருக்கு, ஒரு முழத்துக்குக் கம்மி. அந்த அளவு யார்கிட்ட வருது?"

பிரிவுகளை உண்டாக்கிய பழைய உத்தரவை எடுத்து வரச் சொன்னார்கள். சென்டிமீட்டரில் எழுதியிருந்ததை நம் கணக்கில் சொன்னால், முழத்துக்கு மேற்பட்டவை மேல் மாடி, சாணுக்கு உட்பட்டவை தரைத்தளம். சாணுக்கும் முழத்துக்கும் நடுவே இருப்பதைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தைகூட இல்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த அளவில் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை என்பதால் இது கண்ணில் படவே இல்லை.

இயக்குநர் உத்தரவை மடித்து வைத்தார்.

"அப்ப இருமல்னு ஒண்ணு நம்ம நிலையத்தைப் பொறுத்தவரைக்கும் இல்ல," என்றார்.

ஞானசேகரனும் வீணாவும் ஆறுதலோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் ஆஞ்சலா பேருந்து பிடித்து பிரேசர் டவுனுக்குப் போய்விட்டாள். கூடத்தை நிர்வகிப்பவர் கிரேஸ் சிஸ்டர், பருத்த உடம்பும் குரலுமான நர்ஸ். நோயாளிகளை அதட்டியே பாதி குணமாக்கிவிடுவார் என்று பேர். ஆஞ்சலா ஊதுபத்திக் கட்டை எடுத்துப் பெஞ்சு பெஞ்சாக ஏற்றி வைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், பூஜையா?" என்றார் கிரேஸ்.

"காத்து எப்படிப் போவுதுன்னு பாக்கறேன் சிஸ்டர்."

"சீக்கிரம் பாரும்மா. இருமறவங்க ஊடால நீ வேற புகையக் கிளப்பினா நான் எங்க போறது?"

ஆஞ்சலா அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டாள். ஆனால் அந்த அரைமணியில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தாள். ஒவ்வோர் இருமலும் தனித்தனியாகக் கலைந்து அடங்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நாலு பேர் இருமினால் அந்த நாலும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, கூடத்தில் சுற்றும் பெரிய காற்றையே கொஞ்சம் திருப்பிவிட்டன. சின்னது சேர்ந்து பெரியதைத் தள்ளுகிறது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் ஜெயராஜ் என்ற அல்சூர் ஆட்டோக்காரர் முன் பெஞ்சில் இருமியதும் பின்சுவர்ப் புகை திரும்பியதைக் அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதைச் சமன்பாடாக எழுதி, இரண்டு அளவுகளையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு கணக்கு அமைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். திரையில் இருந்த அம்புக்குறிகளை அவர் உற்றுப் பார்த்தார்.

"இந்த அம்பு எல்லாம் ஏன் மேல போகுது?"

"சின்னச் சுழல் பெரிய சுழலுக்குச் சக்தி தருது சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை, பரிவோடுதான் பேசினார். "ஆஞ்சலா, சக்தி எப்பவும் பெருசுலேர்ந்து சின்னதுக்குத்தான் வரும். நான் தில்லியிலேர்ந்து வாங்கறேன். பிரிவுத் தலைவருங்களுக்குத் தர்றேன். அவங்க கீழ தர்றாங்க. கீழ வர வர அது சின்னதாகி, கடைசியில வெறும் சூடாப் போயிடும். நான் சேர்ந்த நாள்லேர்ந்து இந்த நிலையம் அப்படித்தான் நடக்குது. கீழேர்ந்து மேல ஒண்ணு வந்ததா நான் பாத்ததே இல்ல."

"நான் இயற்கையப் பத்திச் சொல்றேன் சார்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

அம்புக்குறிகளை எல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஆஞ்சலா திருப்பிப் போடவில்லை. கோப்பை மூடித் தன் மடிக்கணினியிலேயே வைத்துக்கொண்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து, நிறுத்தி வைத்திருந்த நீரூற்றைப் பார்த்தாள். ஓடவில்லை என்ற உண்மையை நிலையத்திலேயே மறைக்காமல் சொல்வது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

இதற்கிடையில் இருமல் பிரச்சினைக்கு வீணாவின் பிரிவு ஒரு தீர்வு கண்டுபிடித்தது. இருமல் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை என்றால் மாடலை ஏன் மாற்ற வேண்டும்? இருமலை மாற்றிவிட்டால் போயிற்று. நோயாளிகள் எல்லோரும் சாணுக்குள் இருமப் பழகிக்கொண்டால் விஷயம் முழுவதும் தரைத்தளத்துக்கு வந்துவிடும். கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று மும்மொழியில் சுவரொட்டி அடித்தார்கள். ஒரு சாணுக்கு மேல் இருமக் கூடாது என்று தமிழில் போட்டிருந்தது. கீழே வாயும் விரித்த கையுமாகப் படம்.

வீணாவே நேரில் வந்து ஆஸ்பத்திரிக் கூடத்தில் பயிற்சி முகாம் நடத்தினார். உதட்டைக் குவித்து, தோளைக் குறுக்கி, சின்னதாக, ஸ்வல்பம் ஸ்வல்பமாக இரும வேண்டும். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் இருமிக் காட்டினார்கள். ஜெயராஜுக்கு மட்டும் வரவில்லை. அவருக்கு வந்ததெல்லாம் மொத்தமாகத்தான் வந்தது. தனியே நிறுத்தி இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தார்கள்.

செய்தி மேல் மாடிக்கு எட்டியது. அன்று மத்தியானமே ஞானசேகரன் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன இருமலால் நாட்டுக்குப் பயன் இல்லை. நெஞ்சு நிறைய, முழத்துக்குக் குறையாமல் இருமினால்தான் பெரிய சுழலில் சேரும் என்று விளக்கினார். அவரும் ஒரு சுவரொட்டி கொண்டுவந்திருந்தார். முதலாவதின் பக்கத்திலேயே ஒட்டினார்கள். இந்த முறை ஜெயராஜ்தான் முதல் மாணவர். ஞானசேகரன் அவர் தோளில் தட்டி, இவரைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஜெயராஜ் கிரேஸிடம் வந்து நின்றார். "சிஸ்டர், காலையில வந்த மேடம் சின்னதா இருமச் சொன்னாங்கோ. இப்ப சார் பெருசா இருமச் சொல்றாரு. நான் மாத்திர வாங்கத்தான் வந்தேன்."

"ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டுக்கோ. வந்தா இருமு. வரலைன்னா கம்முனு குந்து," என்றார் கிரேஸ். அந்த முகாம்களில் சொல்லப்பட்ட ஒரே பயனுள்ள வார்த்தை அதுதான். ஆனால் அது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

அறிக்கைகள் வந்தன. மேல் மாடியின் கணக்குப்படி ஃபேனைக் கிழக்குச் சுவரில் வைக்க வேண்டும். தரைத்தளத்தின் கணக்குப்படி மேற்குச் சுவரில் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கம் தில்லிக்கு எழுதும். இயக்குநர் இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு புன்னகை செய்தார்.

"கொந்தளிப்புக் கணக்குல முதல் பாடம் என்ன? சராசரி எடுக்கறது. எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்துட்டா மேலயும் கீழயும் துள்ளறது எல்லாம் அடங்கிடும். எனக்கும் அதுதான் வேணும், விஞ்ஞானத்துக்கும் அதுதான் வேணும். கிழக்குக்கும் மேற்குக்கும் சராசரி எங்க?"

"நடுவுல," என்றார்கள் எல்லோரும்.

ஆஞ்சலா எழுந்தாள். "சார், அது காத்த வெளிய தள்ளுற ஃபேன். கூடத்துக்கு நடுவுல வெச்சா எங்கேர்ந்து எங்க தள்ளும்?"

"கூடத்துலேர்ந்து கூடத்துக்கு," என்றார் ஞானசேகரன். "வேலை செய்யுமா செய்யாதாங்கறது பொருத்தறவங்க பிரச்சினை. நாம இடத்தைத்தான் சொல்ல முடியும்."

கூடத்தின் நடுவே ஒரு தூண் இருந்தது. அதில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தி, ஒரு கல்வெட்டும் பதித்து, தொடக்கவிழா வைத்தார்கள். தில்லியிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார். நோயாளிகளை வெளியே மழைமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு விருந்தினர்களைப் பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். அதிகாரி சுவிட்சைப் போட்டார். ஃபேன் பெருஞ்சத்தத்தோடு சுற்றியது. பிறகு குத்துவிளக்கை ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை இயக்குநரும் ஞானசேகரனும் வீணாவும் விளக்கைச் சுற்றிக் கைகளைக் குவித்து நின்றார்கள். அப்போதும் அணைந்தது. வின்சென்ட் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். விளக்கு நின்று எரிந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எங்க மாடல்படி இந்தக் கூடத்துல காத்தோட சராசரி வேகம் பூஜ்யம். இதோ, விளக்கு ஆடாம எரியுது. இதைவிடச் சான்று என்ன வேணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். ஆஞ்சலாவும் தட்டினாள். தட்டிய பிறகுதான் அதற்காக வெட்கப்பட்டாள்.

அன்றிலிருந்து கூடத்தில் ஃபேன் ஓடியது. முன்பெல்லாம் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் போகும். இப்போது எந்தப் பாரபட்சமும் இல்லாமல் எல்லோருக்கும் போனது. தூண் மேலிருந்த பழைய தூசும் சேர்ந்து சுற்றியது.

சில வாரம் கழித்து வின்சென்ட் போன் செய்தார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர் அன்று நிதானமாகப் பேசினார். "கிரேஸ் சிஸ்டருக்கு இருமல், ஆஞ்சலா. நிக்கவே மாட்டேங்குது. சளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

ஆஞ்சலா மேசையில் உட்கார்ந்து திருப்பிப் போடாத அம்புக்குறிகளைத் திறந்து பார்த்தாள். விடை அவளிடம் மாதக்கணக்கில் இருந்தது. மேல் மாடி சம்மதிக்க வேண்டும், தரைத்தளம் சம்மதிக்க வேண்டும் என்று காத்திருந்ததில் அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் அவள் சொல்லவே இல்லை. வின்சென்ட் கேட்டது அவளிடம்தான், நிலையத்திடம் கேட்கவில்லை.

சோதனை முடிவு வந்தது. காசநோய் இல்லை. தூசியால் வந்த இருமல்தான். சேதி கேட்டதும் ஆஞ்சலா படிக்கட்டுத் திருப்பத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், புறநோயாளிகள் போன பிறகு, பிரேசர் டவுனுக்குப் போய் நின்றாள்.

"டாக்டர், ஃபேனைக் கழட்டிடலாம். மேற்குச் சுவத்து ஜன்னல்ல, கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால வெக்கணும். எங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா எனக்குத்தான் கஷ்டம்."

"இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்றார் கிரேஸ், இருமிக்கொண்டே.

"மொதல்லயே சொல்லியிருக்கணும் சிஸ்டர். தப்பு என்னோடது."

ஜெயராஜ் தன் ஆட்டோவின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வின்சென்டுக்குத் தெரிந்த ஓர் எலக்ட்ரீசியன் ஃபேனைக் கழற்றி ஜன்னலில் பொருத்தினார். ஆஞ்சலா ஊதுபத்தி ஏற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஃபேன் ஓடியது. புகை பெஞ்சின் மேலேயே கோயில் தேர்போல அசையாமல் நின்றது.

எல்லோரும் ஆஞ்சலாவைப் பார்த்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து எண்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். கணக்கில் புகை போய்க்கொண்டுதான் இருந்தது. கூடத்தில்தான் போகவில்லை. ஒரு கணம், நானும் இயக்குநர் மாதிரி ஆகிவிட்டேனா, புகையைக் கோபித்துக்கொள்கிறேனே என்று பயந்தாள். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு, ஊதுபத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஜன்னலுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்தது. ஃபேன் அதன் வழியாகவே வெளிக்காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கூடத்துக் காற்றைத் தொடவே இல்லை.

"என் கணக்குல இந்தச் சுவத்துல ஓட்டை இல்ல டாக்டர்," என்றாள் மேலே நின்றபடி.

"சுவத்துல இருக்கே," என்றார் வின்சென்ட்.

"ஆமா. சுவரு சொல்றதுதான் சரி."

கிரேஸ் உள்ளே போய்ப் பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஒரு கட்டு எடுத்து வந்தார். யாருடைய நெஞ்செலும்புகளையோ வரிசையாக ஒட்டி வென்டிலேட்டரை அடைத்தார்கள். ஃபேனை மறுபடி போட்டார்கள். வாசல் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு காற்று புறப்பட்டு வந்தது. பெஞ்சின் மேல் நின்ற புகை சாய்ந்தது, நீண்டது, கடைசிப் பெஞ்சைத் தாண்டி ஜன்னல் வழியாக மழைமரத்தடிக் காலி மனைக்குப் போனது. ஜெயராஜ் அதைச் சோதிப்பதற்காகத் தன் சொந்த அளவில் ஒரு தடவை இருமிக் காட்டினார். புகை அதையும் சுமந்துகொண்டு போயிற்று.

கிரேஸ் கடைசிப் பெஞ்சில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டார். "நல்லாகீதும்மா," என்றார். ஆஞ்சலா தன் டாக்டர் பட்டத்தை அன்றுதான் வாங்கியதாக நினைத்துக்கொண்டாள்.

இது நிலையத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் ஆண்டறிக்கைக்குத் தூணையும் ஃபேனையும் படம் எடுக்க ஆள் அனுப்பினார்கள். போனவர், தூண் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, ஃபேனைக் காணோம் என்று வந்து சொன்னார். இயக்குநரும் ஞானசேகரனும் வீணாவும் ஒரே காரில் ஏறி பிரேசர் டவுனுக்கு வந்தார்கள். இப்படி மூவரும் சேர்ந்து பயணம் செய்தது அதுவே முதல் தடவை. ஆஞ்சலாவை முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று கூடம் நிறைந்திருந்தது. உள்ளே நுழைந்தவர்களைக் கிரேஸ் தடுத்தார். "டோக்கன் வாங்கினு குந்துங்க. டாக்டர் கூப்புடுவாரு."

"நாங்க நிலையத்துலேர்ந்து வர்றோம்," என்றார் இயக்குநர்.

"யாரா இருந்தாலும் குந்திதான் ஆவணும்."

மூவரும் டோக்கனோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாசலிலிருந்து காற்று சீராக வந்தது. வெயிலில் வந்த களைப்பு. ஞானசேகரனுக்குக் கண் சொருகியது. வீணா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்ல காளி," என்றார். காற்றைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொன்னார்.

ஆஞ்சலா எதிரே வந்து நின்றாள். "ஃபேனை மாத்தினது நான்தான் சார். என் கணக்குப்படி வெச்சேன். மொதல்ல தப்பாச்சு, அப்புறம் திருத்தினேன். இப்ப வேலை செய்யுது."

இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "இந்தக் காத்து எந்த அளவுல வருது?" என்றார்.

ஞானசேகரன் கண் விழித்தார். "பெருசு சார். எங்க காத்து."

"அல்ல அல்ல. முகத்துல படுறது சின்னது. அது நம்மது," என்றார் வீணா.

"ரெண்டும் சேர்ந்துதான் சார் வருது," என்றாள் ஆஞ்சலா.

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. இயக்குநர் எழுந்து நின்று சபையைப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்த சபை அவரைப் பார்த்தது. "காத்து வருது. அத நான் மறுக்கல. ஆனா அது எந்தப் பிரிவோட அனுமதியில வருதுன்னு தெரியல. தெரியிற வரைக்கும் ஃபேனை நிறுத்தி வெக்கறதுதான் முறை," என்றார்.

கிரேஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்தார். "தெரியிற வரைக்கும் அது வந்துகினு இருக்கட்டும் சார். தெரிஞ்சதும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் அது நியாயம் என்றார்கள். இயக்குநர் மறுபடி உட்கார்ந்தார். காற்று அவர் நெற்றியில் பட்டு வியர்வையைக் குளிரச் செய்தது. நிறுத்தச் சொல்வதற்கு அவருக்கும் மனமில்லை. விட்டுவிடச் சொல்வதற்கு விதியில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் செய்வதைச் செய்தார்: ஒரு கமிட்டி போட்டார். காற்று யாருடையது என்று அது முடிவுசெய்யும். முடிவு வரும்வரை இப்போதுள்ள நிலையே தொடரலாம். கூட்டங்களைக் கூட்டும் பொறுப்பு ஆஞ்சலாவுக்கு.

ஆஞ்சலா அந்தப் பொறுப்பை மிகுந்த அக்கறையோடு நடத்திவருகிறாள். மேல் மாடிக்கு ஒரு நாளையும் தரைத்தளத்துக்கு வேறொரு நாளையும் குறித்து அனுப்புகிறாள். இருவருக்கும் தோதான தேதி வந்துவிட்டால் அறை கிடைப்பதில்லை. அறை கிடைத்தால் போன கூட்டத்தின் முடிவுகளை முதலில் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. கூட்டத்தை ஒத்திப்போடுவதில் நிலையத்தில் இன்று அவளை மிஞ்ச ஆளில்லை என்று இயக்குநரே பாராட்டியிருக்கிறார். ஜெயராஜ் குணமாகி ஆட்டோ ஓட்டுகிறார். ஆஸ்பத்திரியில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.